பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய வந்தபோது அம்மாவையும் அப்பாவையும் புக்கிட் பிந்தாங்கில் தங்க வைத்தேன். இரட்டைக் கோபுரம் பக்கம் என்பது நான் சொன்ன காரணம். உண்மை வேறு. தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன நாள்முதல், நாலு பேர் முன் தமிழராகத் தெரிவதில் எனக்கொரு கூச்சம். அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ் வேண்டாமென்றேன். இரவெல்லாம் பாட்டுச் சத்தம், இருவரும் தூங்கவில்லை. காலையில் தோசைக்கடை தேடிப்போன அம்மா வழி தவறி, யாரையும் கேட்கத் தயங்கி, ஒரு மணி நேரம் சாலையோரம் நின்றிருந்தார்.

சென்ற மாதம் அப்பாவின் கண் பரிசோதனைக்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து மறுபடியும் ரயிலில் வந்தார்கள். இம்முறை பிரிக்பீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரலிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே அறைக்குப் போனோம். பல்கலைக்கழகப் பக்கம் போக எல்.ஆர்.டி.யில் நான்கே நிறுத்தம். டாக்சிக் காசு மிச்சம் என்று அப்பா இரண்டு முறை சொல்லிவிட்டார்.

விடிந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். பதறிக்கொண்டு கீழே ஓடினேன். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை அக்காவோடு தோட்டத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா?" என்றவர், "அப்பவே இங்க தங்கியிருக்கலாமேம்மா, ஏன் வேணாம்னு சொன்ன?" என்றார்.

நான் பூவுக்குக் காசு எடுத்துக் கொடுத்தேன்.