இரண்டு விநாடிகளின் விலை



இந்த வாரம் ஒரு விளையாட்டு வீராங்கனையைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். தியானத்துக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் ஓட்டப்பந்தயத்தையும் சிலம்பத்தையும் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தயங்கவில்லை. அவருடைய வாசகர்கள் கண்ணாரக் கண்டிருந்த காரியங்கள் அவை. நான் சொல்லப்போகும் விளையாட்டை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆகையால் முதலில் அதைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

அதன் பெயர் கேனோ ஸ்லாலம். பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய மெல்லிய படகைச் செலுத்திக்கொண்டு போகவேண்டும். நீரோட்டத்தின்மேல் ஆங்காங்கே இரண்டிரண்டு கம்பங்கள் மேலிருந்து தொங்கவிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு இணையும் ஒரு வாயில். ஒரு பந்தயத்தில் 18 முதல் 25 வாயில்கள் வரை இருக்கும். அவற்றை வரிசை பிசகாமல் கடக்கவேண்டும். பச்சையும் வெள்ளையுமான வாயில்களை நீரோட்டத்தின் போக்கிலே கடக்கலாம். சிவப்பும் வெள்ளையுமான வாயில்களுக்கு வந்தால், பாய்ந்து வரும் படகைத் திருப்பி, நீரை எதிர்த்து மேல்நோக்கி ஏறவேண்டும். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கம்பத்தைத் தொட்டால் தண்டனை உண்டு. படகோ, துடுப்போ, உடலோ, எது பட்டாலும் ஓட்ட நேரத்தோடு இரண்டு விநாடிகள் கூட்டப்படும். ஒரு வாயிலைத் தவறவிட்டால் ஐம்பது விநாடிகள். பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட பாதையில் முன்கூட்டியே ஓட்டிப் பழக வீரர்களுக்கு அனுமதி இல்லை. கரையில் நின்று வாயில்களைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வார்கள். அந்தப் பாதையில் அவர்கள் முதன்முதலாகப் படகை இறக்குவது பந்தயத்தின்போதுதான். நாமும் நம் நாட்களை ஒத்திகை பார்த்துவிட்டு வாழ்வதில்லை அல்லவா?

இந்த விளையாட்டில் இன்று உலகம் அறிந்த பெயர் ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபாக்ஸ். அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவருடைய பெற்றோரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

தகப்பனார் ரிச்சர்ட் ஃபாக்ஸ் பிரிட்டனைச் சேர்ந்தவர். 1981, 1983, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கயாக் தனிநபர் பிரிவில் உலக சாம்பியன். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டே இல்லை. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஒருமுறை இடம்பெற்றது. அதன்பின் இருபது ஆண்டுகள் அது சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர் வாலிபத்தின் உச்சத்தில் இருந்தபோது, அவருக்கு எந்த வாயிலும் அங்கே தொங்கவிடப்படவில்லை. 1989இல் நான்காம் முறையாக உலகப் பட்டம் வென்றார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு திரும்பி வந்தபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அங்கே நான்காம் இடம். மூன்றாம் இடத்துக்கு வெண்கலம் கிடைக்கும். நான்காம் இடத்துக்கு எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டில், 1993இல், அவர் மீண்டும் உலக சாம்பியன் ஆனார். அதே போட்டியில் பெண்கள் கயாக் பிரிவில் வென்றவர் பிரான்ஸ் நாட்டின் மிரியம் ஜெருசால்மி. அவர்தான் ஜெசிக்காவின் தாயார். மகள் பிறந்து இரண்டு ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், அந்தத் தாய் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ஜெசிக்கா 1994இல் பிரான்ஸின் மார்செய் நகரில் பிறந்தவர். ஆஸ்திரேலிய அணிக்குப் பயிற்சியளிக்கத் தகப்பனார் அழைக்கப்பட்டபோது, குடும்பம் சிட்னிக்கு அருகிலுள்ள பென்ரித்துக்குக் குடிபெயர்ந்தது. அப்போது ஜெசிக்காவுக்கு நான்கு வயது. இரண்டு சாம்பியன்களின் பிள்ளையாயிருந்தும் அவர் சிறுவயதில் நாடியது ஜிம்னாஸ்டிக்ஸை. கை முறிந்து, அது மீண்டும் வலுப்பெறும் பொருட்டே துடுப்பைப் பிடித்தார். பின்னர் அதை விடவில்லை. தாயாரே அவருடைய பயிற்றுநர் ஆனார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில், பதினெட்டு வயதில், கயாக்கில் வெள்ளி. 2016 ரியோவில் வெண்கலம். இதற்கிடையே கேனோ என்னும் மற்றொரு பிரிவிலும் அவர் வல்லவரானார். கயாக்கில் கால்நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பைப் பிடிக்கிறார்கள். கேனோவில் முழங்காலிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்துகிறார்கள். இந்தப் பிரிவில் ஜெசிக்கா 2013, 2014, 2015, 2018 என நான்கு முறை தனிநபர் உலக சாம்பியன் ஆனார். ஆனால் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கேனோ பிரிவு கிடையாது. ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. தகப்பனுக்கு நேர்ந்ததே மகளுக்கும் வேறுவிதத்தில் நேர்ந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன். இரண்டுக்கும் காரணம் அவர்களுடைய குறை அன்று. தகுதி இருந்தது, வாயில் இல்லை. பெண்களுக்கும் அந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டவர்களில் ஜெசிக்காவும் ஒருவர். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது திறக்கப்பட்டது.

இப்போது நான் சொல்லவந்த காரியத்துக்கு வருகிறேன்.

2021ஆம் ஆண்டு ஜூலை 27, செவ்வாய்க்கிழமை. டோக்கியோவில் பெண்கள் கயாக் இறுதிப் போட்டி. பார்வையாளர்கள் இல்லாத அந்தத் தொற்றுநோய்க் காலத்து ஒலிம்பிக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஜெசிக்கா கடைசியாகப் புறப்பட்டார். அவர் படகின் வேகம் அன்று வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் இரண்டு வாயில்களில் கம்பத்தைத் தொட்டுவிட்டார். நான்கு விநாடிகள் கூட்டப்பட்டன. முடிவில் அவருடைய நேரம் 106.73 விநாடிகள். ஜெர்மனியின் ரிகார்டா ஃபுங்க் 105.50 விநாடிகளில் தங்கம் வென்றார். ஸ்பெயினின் மையாலென் சோராவுட் 106.63 விநாடிகளில் வெள்ளி. ஜெசிக்காவுக்கு வெண்கலம்.

கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கம்பங்களையும் தொடாதிருந்தால் 102.73. தங்கம். ஒன்றை மட்டும் தொட்டிருந்தாலும் 104.73. அப்போதும் தங்கம். வெள்ளியை அவர் இழந்ததோ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில். ஐந்து ஆண்டுகள் காத்திருந்த ஒருத்திக்கு இந்தக் கணக்கு எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும்!

அன்பானவர்களே, மறுநாள் புதன்கிழமை கேனோ பிரிவின் முதற்சுற்று. அழுது தீர்க்கவும் அவருக்கு ஒரு முழுநாள் கொடுக்கப்படவில்லை. அதே ஓடையில், அதே நுரையில், அதேபோல் தொங்கும் கம்பங்களுக்கிடையே அவர் மீண்டும் படகை இறக்கவேண்டியிருந்தது. இறக்கினார். வியாழக்கிழமை இறுதிப் போட்டி. ஒரு கம்பத்தையும் தொடவில்லை. நேரம் 105.04. வெள்ளி வென்ற பிரிட்டனின் மாலரி ஃபிராங்க்ளினை மூன்றரை விநாடிக்கும் அதிகமான இடைவெளியில் முந்தி, பெண்கள் கேனோ பிரிவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெற்றி கிடைத்ததே என்பதைவிட அந்தப் புதன்கிழமையே என் மனத்தைத் தொடுகிறது. அந்த விளையாட்டின் விதியில் ஓர் இரக்கம் இருப்பதை அப்போது கண்டேன். தொட்டால் இரண்டு விநாடிகள். அதற்குமேல் இல்லை. அந்தத் தண்டனை அடுத்த வாயிலுக்குத் தொடர்வதில்லை. அடுத்த பந்தயத்துக்கும் போவதில்லை. செவ்வாய்க்கிழமையின் நான்கு விநாடிகளை வியாழக்கிழமையின் கணக்கில் எவரும் எழுதவில்லை. தொட்ட கம்பத்தைத் திரும்பிப் பார்க்கிற படகோட்டி மட்டுமே அந்த இரண்டு விநாடிகளை இருபதாக ஆக்கிக்கொள்கிறார். நீரோ அவருக்காக நிற்பதில்லை. அவர் திரும்பிப் பார்க்கும் கணத்தில் அடுத்த வாயில் வந்துவிடுகிறது.

நம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்! தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நான் வீடுகளைச் சந்திக்கப் போவதுண்டு. ஒரு வீட்டில், மிகச் சில மதிப்பெண்களில் விரும்பிய படிப்பு கைநழுவிப்போன ஒரு மகள், உள்ளறையை விட்டு வெளியே வராதிருந்தாள். தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, பன்னிரண்டு வருஷத்துப் பாடு வீணாய்ப் போயிற்றே” என்றார். நான் அவரிடம் அதிகம் பேசவில்லை. “அண்ணாச்சி, போனது ஒரு வருஷத்துச் சேர்க்கை. பன்னிரண்டு வருஷம் அவள் படித்தது அவளிடம்தானே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்துபோய் மகளின் கதவைத் தட்டி, “சாப்பிட வா அம்மா” என்று அழைத்தார். அந்த வீட்டின் புதன்கிழமை அப்படித்தான் தொடங்கியது.

தவறுக்கு விலை இல்லை என்று நான் சொல்லவில்லை. விலை உண்டு. அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஜெசிக்காவும் அந்தத் தங்கத்தைத் திரும்பப் பெறவில்லை. அது ரிகார்டாவுக்கே உரியது. வியாபாரத்தில் நஷ்டப்பட்டவர், பிள்ளையிடம் கடிந்து பேசிவிட்டவர், நண்பரோடு உறவு முறிந்தவர், ஒவ்வொருவரும் தம் தவறின் விலையைச் செலுத்துகிறோம். நான் கேட்பது ஒன்றே. விதித்த விலைக்குமேல் ஏன் செலுத்துகிறீர்கள்? இரண்டு விநாடிக்குரிய தவறுக்குப் பத்து ஆண்டுகளைத் தண்டமாகக் கட்டும்படி உங்களிடம் யார் கேட்டார்கள்?

விடாமல் முயன்றவர் எல்லாரும் வியாழக்கிழமையில் தங்கம் பெறுவார் என்றும் நான் சொல்லமாட்டேன். ரிச்சர்ட் ஃபாக்ஸுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவேயில்லை. நான்காம் இடமே அவருக்கு வாய்த்தது. அவர் தமக்குக் கிடைக்காததைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடவில்லை. மறு ஆண்டு போட்டியிட்டார். பின்பு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேறொரு தேசத்துக்குப் போனார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்தது அந்தக் கரையில்தான்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக். தொடக்க விழாவில் ஆஸ்திரேலியாவின் கொடியை ஏந்திய இருவரில் ஜெசிக்கா ஒருவர். ஜூலை 28 அன்று, மூன்று ஒலிம்பிக்குகளிலும் நழுவிப்போன அந்தக் கயாக் தங்கத்தை, 96.08 விநாடிகளில் வென்றார். மூன்று நாள் கழித்துக் கேனோவிலும் தங்கம்.

அதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும். நான்கு படகுகள் ஒரே நேரத்தில் போட்டியிடும் கயாக் கிராஸ் என்னும் புதிய பிரிவில் ஜெசிக்காவும் அவருடைய தங்கையும் கலந்துகொண்டார்கள். தங்கையின் பெயர் நோயெமி. நாம் வேதாகமத்தில் நகோமி என்று வாசிக்கும் பெயரின் பிரெஞ்சு வடிவம் அது. பல ஆண்டுகளாகப் புகழ்பெற்ற அக்காளின் நிழலில் துடுப்புப் போட்டவர். அந்தப் பிரிவில் அக்காள் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறிவிட்டார். ஆகஸ்ட் 5 அன்று நடந்த இறுதிப் போட்டியில் நோயெமி தங்கம் வென்றார். கரையில் நின்ற ஜெசிக்கா, உடுத்திய உடையோடு தண்ணீரில் குதித்துத் தங்கையைக் கட்டிக்கொண்டார். தாம் தோற்றுப்போன பிரிவில் வேறொருவர் வெல்லும்போது, அப்படிக் குதிக்க எல்லாராலும் முடியாது. தன் தோல்வியின் விலையைக் கொடுத்து முடித்தவருக்கே அது முடியும் என்று நான் நம்புகிறேன். இன்னும் செலுத்திக்கொண்டிருப்பவர் கரையிலே நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். தனித்து அமர்ந்து, நீங்கள் இன்னும் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிற பழைய தவறு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதற்குரிய விலை கொடுக்கப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தால், இன்றே போய்க் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கேட்டாயிற்று என்றால், அதை ஜெபத்தில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யாராவது உள்ளறையில் முடங்கியிருந்தால், அந்தக் கதவைத் தட்டிச் சாப்பிட அழையுங்கள்.

தேவன்தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக.