ஒன்பதும் ஒரு புள்ளியும்

12 செப்டம்பர் 2025, வெள்ளி

பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஊர். சமுதாய நலக்கூடத்தின் பின்னறையில் ஊர் ஒலிபெருக்கிக்கான ரேக்கை நிறுத்தியாயிற்று. 19 அங்குல அகலச் சட்டம். மேலே மிக்ஸர், நடுவில் எக்ஸ்ட்ரான் கம்பெனியின் பழைய மேட்ரிக்ஸ், அடியில் 250 வாட் ஆம்ப் இரண்டு. மேட்ரிக்ஸ், எங்கோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டியதில் வந்தது. எட்டு உள்ளீட்டில் எதை வேண்டுமானாலும் எட்டு வெளியீட்டில் எதற்கு வேண்டுமானாலும் திருப்பி விடும்.

ஊர்க்காரர்கள் கேட்பது மூன்றே விஷயம். கோயில் பாட்டு கோயில் தெருவோடு நிற்க வேண்டும். கூடத்தில் கல்யாணம் நடந்தால் அந்தச் சத்தம் தெருக் குழாய் ஒலிபெருக்கிக்குப் போகக் கூடாது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றால் எல்லாக் குழாயும் அந்த நிமிடமே மைக்குக்கு மாற வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். போன வருடம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. அது வடிவதற்குள் டிசம்பர் 2 அதிகாலை, இதே ஆற்றின் மேலேயுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. "பட்டப்பகல்ல வந்திருந்தா கண்ணால பாத்திருப்போம் தம்பி. தூக்கத்துல வந்துடுச்சு" என்றார் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

14 செப்டம்பர், ஞாயிறு

மேட்ரிக்ஸின் முதுகில் ஒன்பது பின் சாக்கெட் இருக்கிறது. ஆர்எஸ்-232. மோடத்துக்காக 1960களில் பிறந்த இந்த முறை லேப்டாப்களிலிருந்து போய்விட்டது. ஆடியோ ரேக்குகளில் இன்னும் இருக்கிறது. காரணம் எளிது. ஐபி முகவரி வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். மூன்று கம்பி: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரை ஒன்று.

யூஎஸ்பி கன்வெர்ட்டரைச் செருகி, வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று வைத்தேன். பதிலே இல்லை. இப்படி மௌனமாக இருந்தால் முதலில் கேபிளின் மறுமுனையில் இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பார்க்க வேண்டும். தட்டிய எழுத்து அப்படியே திரையில் திரும்பி வந்தால் கம்ப்யூட்டர், கன்வெர்ட்டர், கேபிள் மூன்றும் நலம். திரும்பி வந்தது. அப்படியானால் கோளாறு கேபிளின் வகையில். பெட்டியோடு வந்தது குறுக்கிட்ட கேபிள்; இந்தச் சாக்கெட்டுக்கு நேர் கேபிள் வேண்டும். மாற்றியதும் பேசத் தொடங்கியது.

1*2$ என்று தட்டினேன். முதல் உள்ளீடு இரண்டாம் வெளியீட்டுக்குப் போகட்டும், ஒலி மட்டும் என்று பொருள். டாலர் குறிக்கு ஒலி. ஆச்சரியக்குறி போட்டால் படமும் ஒலியும் சேர்ந்து மாறும். எண்டர் கூட அடிக்க வேண்டியதில்லை. ரேக்கினுள் ரிலே எதுவும் சொடுக்கவில்லை, விளக்கும் மினுங்கவில்லை. ஆனால் கோயில் தெருக் குழாய் மட்டும் பாடத் தொடங்கியது. திரையில் ஒரு வரி: இரண்டாம் வெளியீட்டில் முதல் உள்ளீடு. இல்லாத உள்ளீட்டைச் சொன்னால் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். என்னைக் கேட்டால் இந்த முறையின் பெரிய குணம் இதுதான். ரிமோட் பட்டனை அழுத்தினால் போனதா இல்லையா என்று தெரியாது. இது சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேன் என்று வாய் திறந்து சொல்கிறது.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்று அமைப்புகளைச் சேமிக்கும் வேலை. எண்ணும் காற்புள்ளியும் தட்டினால் அப்போதைய இணைப்பு முழுவதும் அந்த எண்ணில் பதிந்துவிடும். எண்ணும் புள்ளியும் தட்டினால் பதிந்தது திரும்ப வரும். ஒன்று: சாதாரண நாள். இரண்டு: கல்யாண நாள். ஒன்பது: எல்லா வெளியீடும் அவசர மைக்.

சாவி வைத்துக்கொள்ளப் போகிறவர் சுய உதவிக் குழுவின் தலைவி. எட்டாவது வரை படித்தவர்.

"தம்பி, எனக்கு இங்கிலீஷ் வராதே."

"இதுல இங்கிலீஷே இல்லக்கா. ஒம்போது, ஒரு புள்ளி. அவ்ளோதான்."

தட்டிப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே "எல்லாரும் கேளுங்க" என்றார். நாலு தெருவும் கேட்டது. அவர் முகத்தில் சிரிப்பு; வெளியே ஆடு மிரண்டு ஓடியது.

20 செப்டம்பர், சனி

புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. பெருமாள் கோயில் பாட்டு விடியலிலேயே ஆரம்பம்.

கிழக்குத் தெரு, தண்ணீர் தொட்டிக்கு அப்பால். அங்கே குழாய்களுக்குத் தனி ஆம்பும், அதை இயக்க ஒரு ரிலே பலகையும் வைத்திருக்கிறோம். கூடத்திலிருந்து சுமார் 300 மீட்டர். ஆர்எஸ்-232 பதினைந்து மீட்டர் தாண்டினால் நம்ப முடியாது. ஆகவே இரு முனையிலும் ஆர்எஸ்-485 கன்வெர்ட்டர். முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைத்தான் அது படிக்கும். வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறுவதால் கழிந்துவிடும். 1200 மீட்டர் வரை போகும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். கேட்டவர் முடித்த பிறகே பதில். இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். இல்லாவிட்டால் சிக்னல் கோடியில் முட்டித் திரும்பி வந்து குழப்பும்.

திறந்த வெளியில் 300 மீட்டர் செம்பு இழுத்தால் இடி அதைத் தேடி வரும். ஆகவே மின்தொடர்பு இல்லாமல் பிரித்துவைக்கும் ரகக் கன்வெர்ட்டர், கூடவே சர்ஜ் தடுப்பான். செலவு கூடுகிறது என்று முணுமுணுத்தார்கள். ஒரு இடிக்கு ரேக் மொத்தமும் போனால் என்ன செலவு என்று சொன்னேன், அடங்கினார்கள்.

21 செப்டம்பர், ஞாயிறு

மகாளய அமாவாசை. வேலைக்குப் போகவில்லை. வில்லியனூர் வீட்டு வாசலில் காலையிலிருந்து திருக்காஞ்சிக்குப் போகும் வண்டிகள். சங்கராபரணிக் கரையில் தர்ப்பணம் கொடுக்கும் கூட்டம்.

இந்த வேலைக்கு முன்னோடி எங்கள் வில்லியனூரிலேயே இருந்தது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத ஊர்களுக்கு விஎச்எஃப் ரேடியோ வழியாகச் செய்தியை அனுப்பினார்கள். கரண்ட் நிற்காத ஊரில்லை என்பதால் சோலாரும் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஊர்ப் பிள்ளைகள் தமிழில் எழுதி, குழாயில் படிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவெடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். இப்படியொரு மையம் இருந்த நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தியைக் கண்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரார் அங்கே பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து, குழாயில் அறிவித்து, எல்லாரையும் வெளியேற்றினார்கள். அலை வந்தபோது ஊர் காலியாக இருந்தது.

அதைப் பலர் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று எழுதினார்கள். எனக்கு அந்தக் கதவுதான் நெருடுகிறது. குழாய் தயார், ஆம்ப் தயார், செய்தியும் கடல் தாண்டி வந்துவிட்டது. சாவி மட்டும் கைக்கு எட்டவில்லை.

24 செப்டம்பர், புதன்

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச் சோதனை. ஆம்ப் பாட்டரியிலும் ஓடும் ரகம், பிரச்சினை இல்லை. யூபிஎஸ் தீர்ந்ததும் மேட்ரிக்ஸ் செத்துவிடும். செத்த மேட்ரிக்ஸுக்கு எந்தக் கட்டளை அனுப்பியும் பயனில்லை.

ஆகவே நடுவில் ஒரு ரிலே. மேட்ரிக்ஸுக்கு உயிர் இருக்கும்வரை ரிலேயின் காயிலுக்கும் மின்சாரம் போகும். பாட்டு மேட்ரிக்ஸ் வழியாகவே ஆம்புக்குப் போகும். அந்த மின்சாரம் நின்றதும் காயில் தளர்ந்து, பாட்டரியில் ஓடும் அவசர மைக் நேராக ஆம்போடு சேர்ந்துகொள்ளும். புரோகிராம் இல்லை, கட்டளை இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே வேலை நடக்கும்.

கம்ப்யூட்டர் பங்குக்கு ஒரு ராஸ்ப்பெரி பை. சுவரிலுள்ள சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஒன்பதும் புள்ளியும் போகும். பிறகு ஒவ்வொரு வெளியீட்டையும் தனித்தனியே விசாரிக்கும்: 1$, 2$, 3$... எல்லாவற்றிலும் அவசர மைக்கின் எண் வந்தால் பச்சை விளக்கு. இரண்டு விநாடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். அப்போதும் இல்லையென்றால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் யூபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் பேசு என்று சுவரில் எழுதிவிட்டேன்.

27 செப்டம்பர், சனி

இளைஞர்கள் சத்தம் பற்றவில்லை என்கிறார்கள். ஒலி மாசு விதிகள், 2000-ஐக் காட்டினேன். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் அதைவிடப் பத்துக்கு மேல் கூடக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பொது அவசரத்துக்கு அதே விதியில் விலக்கு உண்டு. "அப்ப ராத்திரி வெள்ளம் வந்தா?" என்றான் ஒருவன். "அதுக்குத்தான் இந்தப் பட்டனே" என்றேன்.

பாட்டு வரும் உள்ளீடுகளின் அளவை மிக்ஸரில் குறைத்து வைத்து, திருகுகளின் மேல் தகடு மூடினேன். அவசர மைக்கின் அளவைக் குறைக்கவில்லை. தினமும் காதைக் கிழிக்கும் குழாயை ஊர் கேட்காமலிருக்கப் பழகிவிடும். ஆபத்து நாளில் அந்தப் பழக்கம் உயிரை வாங்கும்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. ரேக்குக்குச் சந்தனம், குங்குமம், பொரி. பூஜை முடிந்ததும் ஒத்திகை.

தலைவி பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு. பேசினார். மேட்ரிக்ஸ் எல்லா வெளியீட்டுக்கும் சரியான பதில் தந்தது. கிழக்குத் தெருக் கடைசியில் நிறுத்தியிருந்த பையன் போனில், "ஒண்ணும் கேக்கலண்ணே" என்றான்.

போய்ப் பார்த்தால், கடைசிக் குழாய்க்கான கம்பியைக் கொடிக்கயிறு கட்டும்போது யாரோ இழுத்து அறுத்திருக்கிறார்கள். மேட்ரிக்ஸ் பொய் சொல்லவில்லை. சுவிட்ச் மாறியதா என்றுதான் அதற்குத் தெரியும். ஊர் கேட்டதா என்று தெரியாது. அதைச் சொல்ல ஆம்புக்கு அப்பால் ஓர் ஆள் வேண்டும். கம்பியை ஒட்டிவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு ஒத்திகை, ஒவ்வொரு தெருக் கோடியிலிருந்தும் ஒருவர் போன் என்று ஏற்பாடு. அறைக்கு மூன்று சாவி, மூன்றும் மூன்று தெருவில்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரம்தான். உங்கள் ஊர்க் கோயிலிலோ கூடத்திலோ குழாய் இருக்கிறதா? மழைக்கு முன் ஒருமுறை கரண்டை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். கடைசிக் குழாயடியில் ஒருவரை நிறுத்தி, கேட்டதா என்று கேளுங்கள். அறைச் சாவி யாரிடம் என்பதையும் இன்றே கேட்டு வையுங்கள்.