ஸ்லைடில் ஏன் இத்தனை எழுத்து?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜனவரி மாதம் வழக்கமான வகுப்புகள் நடப்பதில்லை. அந்த இடைவெளியில், செயற்கை நுண்ணறிவுப் பேராசிரியர் பாட்ரிக் வின்ஸ்டன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு மணி நேரம்தான். தலைப்பு, 'பேசுவது எப்படி'. 2019இல் அவர் காலமாகிவிட்டார். முந்தைய ஆண்டு பதிவான உரை யூடியூபில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எடுத்த எடுப்பிலேயே லேப்டாப்பையும் செல்போனையும் மூடச் சொல்கிறார். மொழியைக் கையாள மூளையில் இருப்பது ஒரே ஓர் இயந்திரம்; அது படித்துக்கொண்டிருந்தால் காதில் விழுவது உள்ளே போகாது என்பது அவர் கட்சி. ஸ்லைடுக்கும் அதே கணக்குதான். எழுத்து அடர்ந்த ஒரு ஸ்லைடைக் காட்டி, பின்னணிப் படம், சின்னம், தலைப்பு என்று ஒவ்வொன்றாக உருவுகிறார். பேச்சையும் ஸ்லைடையும் வைத்துச் சோதனை செய்தபோது ஒரு மாணவர், நீங்கள் அவ்வளவு பேசியிருக்க வேண்டாம், படிக்க இடைஞ்சலாக இருந்தது என்றாராம்!

பாடம் நடத்தக் கரும்பலகையே மேல் என்பார். கை எழுதும் வேகமும் கேட்பவர் புரிந்துகொள்ளும் வேகமும் ஏறக்குறைய ஒன்று.

அதைவிட, கையில் ஒரு பொருள் இருந்தால் இன்னும் நல்லது. கணிதவியலாளர் சீமோர் பாப்பர்ட்டிடம் அவர் கற்றது ஒரு சைக்கிள் சக்கர வித்தை. சுழலும் சக்கரத்தின் மேல்விளிம்பில் பக்கவாட்டாக ஊதினால் அது எந்தப் பக்கம் திரும்பும்? இயற்பியலின் வலக்கை விதியை நம்பி விரல் நீட்டுகிறவர்கள் பாதி நேரம் தப்பாகச் சொல்வார்கள். விளிம்பின் ஓரிடத்தில் டேப் ஒட்டி, அந்தத் துண்டை மட்டும் கவனித்தால் சூத்திரமே தேவையில்லை. ஊதும்போது அந்தத் துண்டு எங்கே போகப் பார்க்கிறது என்று யோசித்தால் போதும்.

லேசர் பாயிண்டரும் அவருக்கு ஆகாது. திரையைச் சுட்டத் திரும்பியதும் சபை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஸ்லைடிலேயே ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் திரும்பும் வேலையே இல்லை.

'நன்றி' என்று முடிப்பதும் கூடாதாம். ஏதோ மரியாதைக்காக உட்கார்ந்திருந்தீர்கள் என்று சபையிடம் சொல்வதுபோல் ஆகிவிடும். நன்றியுரைக்கே தனி ஆள் போடும் நம் மேடைகளில் இது எடுபடாது. ஆனால் அவர் சொல்லும் இன்னொரு காரணத்தைத் தள்ள முடியாது. கேள்வி நேரம் முழுக்கக் கடைசி ஸ்லைடு திரையிலேயே நிற்கும். அதில் 'நன்றி', 'கேள்விகள்?' என்று போட்டால் இருபது நிமிடம் வீண். தன் ஆய்வில் புதிதாகச் செய்தது என்ன என்பதை அங்கே எழுதச் சொல்கிறார்.