ரோமாபுரி வம்பு

அன்பு கோமதிக்கு,

நம் தெரு வம்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது ரோமாபுரி வம்பு ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஷேக்ஸ்பியரின் 'கோரியோலேனஸ்' படித்து முடித்தேன். 1608 வாக்கில் எழுதிய நாடகம். ஹாம்லெட், மேக்பெத் மாதிரி பேர் வாங்கவில்லை. டி.எஸ். எலியட்தான் ஹாம்லெட்டைவிட இதைத் தூக்கிவைத்துப் பேசினார். அது அவர் பிடிவாதம், விடு.

கதாநாயகன் கையஸ் மார்ஷியஸ். கோரியோலேனஸ் என்பது அவனுக்குப் பின்னால் கிடைத்த பட்டம். சண்டைக்குப் புலி, வாயைத் திறந்தால் ஏழை ஜனங்களுக்கு வசவு. அவனைப் பற்றி மற்றவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். அந்தப் பேச்சிலேயே ஆள் உருவாகிறான்.

முதலில் அவன் அம்மா வொலம்னியா. அம்மாடி! புருஷன் உயிரோடு திரும்ப வேண்டுமே என்று மருமகள் தையலும் கையுமாகக் கலங்கிக்கொண்டிருக்கிறாள். மாமியாரோ, அவன் ரத்தம் வழியும் நெற்றியோடு சண்டை போடுவதைக் கண்ணால் பார்த்தவள் போல் வர்ணிக்கிறாள். டிராய் வீரன் ஹெக்டருக்குக் குழந்தையில் பால் கொடுத்த மார்பைவிட, வாள் பட்டு ரத்தம் உமிழ்ந்த ஹெக்டரின் நெற்றிதான் அவளுக்கு அழகாம். மகன் ஜெயித்து வருகிறான் என்றதும் அவளும் கிழவர் மெனினியஸும், கல்யாண வீட்டில் நகையை எண்ணுவது போல, காயங்களை எண்ணுகிறார்கள். பழையது 25, இப்போது 27. காயம் பட்டதற்குத் தெய்வங்களுக்கு நன்றி வேறு!

பேரன் மட்டும் என்ன? ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, கடைசியில் பல்லால் கிழித்துப் போட்டானாம். அப்பனுக்கு வருகிற அதே கோபம் என்று பாட்டிக்குப் பூரிப்பு. சிரிக்கத்தான் செய்தேன், ஆனால் வயிற்றை என்னவோ செய்தது.

பிறகு செனட்டில் தளபதி கொமினியஸ் புகழ்ந்து பேசுகிற இடம். அதை நிறுத்தி நிறுத்திப் படி. 16 வயதிலேயே களம் கண்டவன் என்று ஆரம்பிக்கிறார். பாய்விரித்த கப்பலின் முன் நீர்ப்பாசி சாய்வது போல ஆட்கள் சாய்ந்தார்களாம். தலை முதல் கால்வரை ரத்தமே உருவாக நின்றானாம். அவன் அசைவுக்கெல்லாம் சாகிறவர்களின் அலறல்தான் தாளமாம். கோரியோலி நகரத்தின் மேல் ஒரு கிரகம் போல மோதினானாம். பின்னால் மெனினியஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அவன் நடந்தால் கோட்டையிடிக்கும் எந்திரம் நகர்வது போலிருக்கிறது, நிலமே சுருங்குகிறது என்கிறார். பட்டாம்பூச்சி ஒருகாலத்தில் புழுதானே, இவனும் மனுஷனாக இருந்து டிராகனாகிவிட்டான் என்பதும் அவர்தான். கவனித்தாயா, கப்பல், கிரகம், எந்திரம், டிராகன் என்று எல்லாம் ஆகிறான், மனுஷனாக மட்டும் யாரும் அவனைப் பார்ப்பதில்லை.

தமாஷ் என்னவென்றால், செனட்டில் அந்தப் புகழுரை நடக்கும்போது நம்ம ஆள் அங்கே இல்லை! கேட்கப் பிடிக்காமல் எழுந்து போய்விட்டான். அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ, என்னைப் புகழ நீங்கள் யார் என்கிற திமிர் என்றுதான் படுகிறது. பதவிக்கு ஓட்டுக் கேட்கச் சந்தைக்குப் போனவன் காயங்களைக் காட்டவே இல்லை பாரேன். ஜனங்களில் ஒருவன் முன்னாலேயே சொல்கிறான்: அவன் காட்டிவிட்டால் அந்தக் காயங்களுக்குள் நம் நாக்கை வைத்து நாம்தான் பேச வேண்டும் என்று. எப்பேர்ப்பட்ட கற்பனை! உடம்பே கூசிவிட்டது எனக்கு.

நடுக்கதை உனக்கே புரியும்: ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள், எதிரி ஆஃபிடியஸோடு சேர்ந்து ரோமையே அழிக்க வருகிறான், அம்மா வந்து மண்டியிடுகிறாள். அவள் பேசி முடித்ததும் அவனுக்கு ஷேக்ஸ்பியர் உடனே வசனம் எழுதவில்லை. அவள் கையைப் பிடித்தபடி பேசாமல் நிற்கிறான் என்று மேடைக்குறிப்பு மட்டும். கிரகமும் எந்திரமும் அந்த ஒரு வரியில் காணாமல் போகின்றன.

ரோமை அழிக்காமல் திரும்பிவிடுகிறான். அதற்கப்புறம்தான் வினை. அம்மாவுக்காக அழுத பொடியன் என்று ஆஃபிடியஸ் எல்லோர் முன்னாலும் ஏசுகிறான். தன் புகழைக் காதால் கேட்கக் கூசியவன், அப்போது தானே தன் பெருமையைச் சொல்கிறான்: புறாக்கூட்டில் புகுந்த கழுகு போல உங்கள் ஆட்களைக் கலங்கடித்தேன், தனியாளாக! சொல்வது யாரிடம்? அவன் வாளுக்குப் பிள்ளையையும் தகப்பனையும் பறிகொடுத்தவர்களிடம். விடுவார்களா? வெட்டிச் சாய்த்தார்கள். ஆஃபிடியஸ் பிணத்தின் மேல் ஏறி நின்றுவிட்டு, அடுத்த மூச்சிலேயே துக்கமாக இருக்கிறது என்கிறான். நல்ல ஆள்!

2011-இல் ரால்ஃப் ஃபைன்ஸ் இதைப் படமாக எடுத்து, அவரே நடித்தும் இருக்கிறார். இந்தக்காலத் துப்பாக்கி, டாங்கி எல்லாம் உண்டு. அம்மாவாக வனெஸ்ஸா ரெட்கிரேவ். உன் மாமியார் தூங்கினதும் பார். பார்த்துவிட்டு, வொலம்னியா உனக்கு யாரை ஞாபகப்படுத்துகிறாள் என்று எழுது. பெயரை மட்டும் தபால் அட்டையில் எழுதாதே, கவரில் போடு!

உன்,
சரசு