கண்மாய் மீனும் அச்சுப் பிழையும்

மாசி மாதத்தில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பெண் வாட்டமான முகத்தோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். தினமும் வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு பஸ் ஏறிப் போகிறவள். மற்றவர்கள் கம்ப்யூட்டருக்காக எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது அவளுடைய உத்தியோகம். இதற்குச் சம்பளம் உண்டு என்று முதல் முதலாகக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் ஊரில் எத்தனை பேர் இந்தக் காரியத்தைச் சம்பளமே வாங்காமல் செய்கிறார்கள்!

"என்னம்மா, யாராவது வைதார்களா?" என்றேன்.

"வையல மாமா. இதுவரைக்கும் நாப்பது பிழை பிடிச்சுக் குடுத்திருக்கேன். 'சரி, இன்னும் எத்தனை பாக்கி?'ன்னு கேக்குறாங்க. தெரிஞ்சா பிடிச்சிருக்க மாட்டேனா?"

நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுத்த மருந்தை நர்ஸுகள் பதிவு செய்வதற்கான நிரல் அது. வெள்ளிக்கிழமைக்குள் "எல்லாம் சரி" என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் புஸ்தகத்தில் ஒரு பிழை தப்பினால் வாசகர் முகம் சுளிப்பார், அதோடு போயிற்று. அவள் கையில் தப்பினால் ஓர் உயிரோடு விளையாட்டு.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சிநேகிதர் ஒருவர், தென்கால் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

"இந்தக் கண்மாயில் எத்தனை மீன் இருக்கிறது, சொல்லும் பார்க்கலாம்" என்றார் அவர் ஒரு நாள். நான் விழித்தேன். அவர் விளக்கினார். முதலில் நூறு மீனைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வைத்து, மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அவை நன்றாகக் கலந்த பிறகு இன்னொரு தடவை நூறு மீன் பிடிக்க வேண்டும். அதில் இருபது மீனில் அடையாளம் இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு நம்முடையது என்று அர்த்தம். ஆகவே கண்மாயில் சுமார் ஐந்நூறு மீன். டென்மார்க் தேசத்துப் பீட்டர்சன் என்பவர் 1890களிலேயே கடல் மீனுக்கு இப்படி அடையாளமிட்டிருக்கிறார். 1976இல் ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை இதே யோசனையை அச்சுப் பிழைக்குப் பொருத்திக் காட்டினார்.

என் நாவல் ஒன்றின் புரூப் திருத்தத்தையே நான் உதாரணமாகச் சொன்னேன். ஒருவர் 30 பிழை கண்டார். அவருடைய தாளைப் பார்க்காமல் இன்னொருவர் 24 கண்டார். இருவரும் கண்டவை 20. அதாவது முதல்வர் பிடித்த 30இல் இரண்டாமவர் 20ஐப் பிடித்திருக்கிறார். மூன்றில் இரண்டு பங்கு. அவருடைய திறமை அதுவானால், அவர் பிடித்த 24 என்பது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக மொத்தம் 36. இருவருமாகக் கண்டது 34, பாக்கி இரண்டு!

அவள் கண்கள் விரிந்தன. "இதை எங்க வேலையிலயும் செய்யறாங்க மாமா" என்றாள். ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஹார்லன் மில்ஸ் என்பவர் 1970களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி சொன்னாராம். நிரலில் வேண்டுமென்றே சில பிழைகளை விதைத்துவிட வேண்டும். சோதிப்பவர்கள் அவற்றில் எத்தனை பிடிக்கிறார்கள் என்று பார்த்து, விதைக்காத பிழைகளை மதிப்பிட வேண்டும்.

வயல்காட்டுக் கணக்கும் அவளிடம் இருந்தது. மூன்று ரக விதை, மூன்று வகை உரம், மூன்று அளவு தண்ணீர், மூன்று விதமான இடைவெளி என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்தால் 81 பாத்தி வேண்டும். எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றின் ஒவ்வொரு ஜோடியும் ஒரு தடவை வரும்படி அடுக்கினால் ஒன்பது பாத்தியே போதும். இப்படிப்பட்ட வரிசைகளுக்கு 1940களில் கல்கத்தாவில் இலக்கணம் வகுத்தவர் சி.ஆர். ராவ். நூற்றிரண்டு வயது வாழ்ந்து 2023இல் மறைந்தார். 1950களில் அங்கே வந்திருந்த ஜப்பானியர் தகுச்சி இந்த வரிசைகளைத் தொழிற்சாலைச் சோதனைகளில் பரப்பினார். இன்று நிரல் சோதிப்பவர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நெல் வயலில் பிறந்த யோசனை வடபழஞ்சிக்கு பஸ் ஏறியிருக்கிறது!

"அப்ப நானும் இன்னொருத்தியும் தனித்தனியாப் பாத்துட்டா, பாக்கி எவ்வளவுன்னு சொல்லிடலாம்" என்று எழுந்தாள்.

"உட்கார்" என்றேன். கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பாக்கி இரண்டு என்று கணக்குச் சொன்னதல்லவா? தேடினேன். இரண்டும் அகப்பட்டன. பிழையில்லாப் புஸ்தகம் என்று பெருமையோடு வெளியிட்டேன். அப்போது சென்னையில் இருந்தேன். பிற்பாடு இந்தத் திருப்பரங்குன்றத்துக்குக் குடி வந்தபோது, சந்நிதித் தெருவில் பூக்கட்டும் பாட்டிக்கு அவள் பேத்தி அந்த நாவலைப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு நாள் பாட்டி என்னை வழிமறித்தாள்.

"ஏன்யா, உங்க கதையில அந்தப் பய முருகனுக்குப் பாலாபிஷேகம் பண்ணி அழுகுறானாமே? இங்க சாமிக்கு ஏதுய்யா அபிஷேகம்? வேலுக்குல்ல பண்ணுவாக!"

எனக்கு நா எழவில்லை. இங்கே மூலவர், மலையைக் குடைந்து அந்தப் பாறையிலேயே வடித்த திருவுருவம். தெய்வானையோடு மணக்கோலத்தில் அமர்ந்திருக்கும் அவருக்கு அபிஷேகம் கிடையாது, வேலுக்குத்தான். இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். என் நாவலின் உச்சக் கட்டமே அந்தப் பாலாபிஷேகம்!

திருத்தியவர்கள் மேல் தப்பில்லை. இருவரும் எழுத்தைப் பார்த்தவர்கள். கோயிலைப் பார்த்தவர்கள் அல்ல. இரண்டு வலைக்கும் கண் ஒரே அளவு. மேலே நீந்துகிற கெண்டையை இரண்டும் அள்ளும். சேற்றில் பதுங்குகிற விராலை இரண்டும் விட்டுவிடும். விராலை அறியாத கணக்கு, "பாக்கி இரண்டு" என்று தைரியமாகச் சொல்லும்.

பெண் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே ஒரு சங்கதி சொன்னாள். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. சிலர் இறந்தே போனார்கள். அதன் நிரலில் இருந்த ஒரு பிழை, பழகிய கை விரைவாகத் தட்டித் திருத்தும்போது மட்டுமே வெளிப்பட்டதாம். நிதானமாகச் சோதிப்பவர் வலையில் அது எப்படி விழும்?

வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொடுக்கவில்லை. நாலு நாள் தவணை கேட்டாள். இன்னொரு சோதனைக்காரியை அழைக்காமல், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவரை அனுமதி வாங்கி அழைத்துப் போனாள். அந்த அம்மாள் அரை மணி நேரந்தான் உட்கார்ந்தாராம். பதிவுப் பொத்தானை அழுத்தினார். திரை ஒரு விநாடி தயங்கியது. வார்டில் பத்துப் பேர் காத்திருக்கும்போது யார் பொறுப்பார்கள்? பழக்க தோஷத்தில் மறுபடி அழுத்தினார். ஒரு வேளை மருந்து இரண்டு வேளையாகப் பதிவாகியிருந்தது.

நாற்பது பிழை பிடித்த பெண், அத்தனை சோதனையிலும் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்லை.

என் அடுத்த நாவலின் கைப்பிரதி இப்போது பூக்கட்டும் பாட்டியிடம் இருக்கிறது. பேத்தி தினம் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுகிறாள். இதுவரை மூன்று தப்புச் சொல்லியிருக்கிறாள் பாட்டி. இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டேன்.

"முதல்ல ஒழுங்கா எழுதுய்யா" என்றாள்.