வாழை இலை மஞ்சளானால்...

திருநெல்வேலிப் பக்கம் கொஞ்சம் இடம் உள்ள வீடு என்றால் புறவாசலில் நாலு வாழை நிற்கும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அதற்குத்தான் போகும். விருந்துக்கு இலை, பொரியலுக்குப் பூ, கூட்டுக்குத் தண்டு, சாமிக்குப் பழம் என்று எதுவும் வீணாகாது. அதனாலேயோ என்னவோ, வாழை தானாக வளரும், அதற்கு வைத்தியம் எதுவும் வேண்டாம் என்று ஒரு நினைப்பு பலருக்கு உண்டு. ஒரு நாள் இலை மஞ்சளாகத் தொடங்கும்போதுதான் கவலை வரும்.

கவலை வந்ததும் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டு அண்ணாச்சி "தண்ணி காணாது" என்பார். மாமா வந்து "ஒரு கை யூரியாவைப் போடுங்க, எல்லாம் சரியாப் போகும்" என்பார். மருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். மூன்றையும் செய்து பார்ப்பார்கள். இலை இன்னும் மஞ்சளாகும்!

விஷயம் இதுதான். மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. மனிதனுக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி. மலேரியாவிலும் காய்ச்சல் வரும், சாதாரண சளியிலும் வரும். வாழைக்கும் தண்ணீர் குறைந்தாலும் மஞ்சள், கூடினாலும் மஞ்சள், சத்துக் குறைந்தாலும் மஞ்சள், வேரில் பூஞ்சை புகுந்தாலும் மஞ்சள். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு விஷமாகிவிடும்.

வீட்டு வாழை போனால் நாலு மரம்தான் போகும். ஆனால் களக்காடு, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழை போட்டவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு வருடத்து முதலீடு. கன்று, உரம், களையெடுப்பு, முட்டுக் கம்பு என்று பணம் முன்னாலேயே போய்விடும். வரவு கடைசியில் தார் வெட்டும்போது ஒரே ஒரு தடவைதான். ஐந்தாம் மாதத்தில் வந்த கோளாறுக்குத் தப்பான வைத்தியம் செய்து ஒரு மாதத்தை விட்டால், நட்டம் தாரின் எடையில் தெரியும்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் மரத்திடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எந்த இலை? எத்தனை மரம்? மண்ணுக்குள்ளும் தண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது?

எந்த இலை?

செடி ஒரு சிக்கனமான குடும்பம் மாதிரி. தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை குறைந்தால் கீழே உள்ள பழைய இலையிலிருந்து உருவி, மேலே வருகிற குருத்துக்குக் கொடுக்கும். அதனால் இந்தச் சத்துகள் குறையும்போது கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச் சத்து அப்படி நகராது. அது குறைந்தால் பழைய இலை பச்சையாக இருக்க, புதிய இலை வெளிறிப்போய் வரும்.

இன்னும் நுணுக்கமாகவும் பார்க்கலாம். பழைய இலை முழுவதும் ஒரே மாதிரி வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையின் நுனியும் ஓரமும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிக் கருகி, இலை உள்பக்கம் சுருண்டால் சாம்பல் சத்துக் குறைவு. வாழைக்குப் பொட்டாஷ் மிக அதிகமாகத் தேவை. யூரியாவை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் இந்தக் கோளாறு வர வாய்ப்பு அதிகம். இலை நடுவில் மஞ்சளாகி ஓரம் பச்சையாக நின்றால் மெக்னீசியம் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

மத்தியானம் வாழை இலையின் இரண்டு பாதியும் நடு நரம்பை ஒட்டிக் கீழே மடிந்து தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெயிலில் நீரை மிச்சப்படுத்த மரம் செய்கிற வேலை அது. சாயந்தரம் விரிந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கோளாறு.

எத்தனை மரம்?

இது சுலபமான கேள்வி, ஆனால் நிறையப் பேர் கேட்பதே இல்லை. தோட்டம் முழுக்க எல்லா மரமும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் பெரும்பாலும் மண்ணிலோ தண்ணீரிலோ குறை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, பிறகு பக்கத்து மரத்துக்குப் போனால் நோயையோ பூச்சியையோ சந்தேகிக்க வேண்டும். தாழ்வான மூலையில் மட்டும் வந்தால் வடிகாலைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். மண்ணின் இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். வேர் செத்த மரத்தால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் வாடும். இதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விடுவதுதான் வழக்கமான தப்பு.

கண்டுபிடிக்க ஒரு மம்பட்டி போதும். மரத்திலிருந்து ஓரடி தள்ளி, முக்கால் அடி தோண்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்றால் சரி. உதிர்ந்தால் தண்ணீர் வேண்டும். அழுகின முட்டை வாடை வந்தால் அங்கே காற்றே இல்லை. கையில் வருகிற வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, தோல் உரிந்து குழகுழவென்று வந்தால் அழுகல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, கீழ்ப்பகுதியில் நெல்லும் வாழையும் மூழ்கின. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு வருகிற மஞ்சளுக்கு உடனே உரம் போட்டால், அதை எடுக்க உயிருள்ள வேர் இருக்காது. முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு மண்ணைக் கொத்திக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். புது வேர் விட்ட பிறகுதான் உரம்.

மண்

நெல்லைச் சீமையில் மண் ஒரே மாதிரி கிடையாது. ஆற்றோரம் வண்டல், கொஞ்சம் விலகினால் செம்மண், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் சீக்கிரம் விட்டுவிடும். "வாரம் இத்தனை தடவை தண்ணீர்" என்று எல்லோருக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குருத்து வெளிறும். அதற்கு அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கச் சொல்வார்கள். உப்பான போர் தண்ணீர் பாய்ந்தால் பழைய இலையின் ஓரம் கருகும். புறவாசல் வாழைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பாத்திரம் கழுவின தண்ணீரோடு துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்தால், அதில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அதை வாருகாலுக்குத் திருப்பிவிடுவதே நல்லது.

ஊகம் வேண்டாம் என்றால் மண் பரிசோதனை இருக்கிறது. நாலைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்து வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் மண் சுரண்டிக் கலந்து, அரை கிலோ எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு பாட்டில் மருந்தை விட இது மலிவு.

பூச்சியும் நோயும்

தண்ணீரும் மண்ணும் சரி என்று தெரிந்த பிறகு இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும்.

தண்டில் சிறு ஓட்டைகள் இருந்து, அதிலிருந்து பிசின் மாதிரி வழிந்தால் தண்டுத் துளைப்பான் வண்டு. ஏத்தன் வாழைக்கு இதுதான் பெரிய எதிரி. காய்ந்த மட்டைகளை உரித்து அப்புறப்படுத்துவது, தார் வெட்டின மரத்தை அப்படியே அழுகவிடாமல் இருப்பது, பிளந்த தண்டுத் துண்டுகளைப் பொறியாக வைத்து வண்டைப் பிடிப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகச் சேர்ந்து நின்றால் முடிக்கொத்து நோய். அசுவினி பரப்புகிற வைரஸ் அது. மருந்து கிடையாது. அசுவினியைக் கொன்றுவிட்டு, மரத்தைக் கிழங்கோடு அழிப்பது ஒன்றுதான் வழி.

எல்லாவற்றிலும் மோசமானது வாடல் நோய். பனாமா வாடல் என்றும் சொல்வார்கள். ப்யூசேரியம் என்ற பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். கீழ் இலையின் ஓரத்தில் மஞ்சள் தொடங்கும். இலைக் காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டின மாதிரி தொங்கும். அடித்தண்டு வெடிக்கும். பார்வைக்குச் சாம்பல் சத்துக் குறைவு மாதிரியும் தெரியும், தண்ணீர் இல்லாத மாதிரியும் தெரியும். சந்தேகம் தீர ஒரே வழி, அடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது. உள்ளே செம்பழுப்பு நிறத்தில் வளையமும் புள்ளிகளும் இருந்தால் அதுதான்.

ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் இதில் சுலபமாக மாட்டும். உலக ஏற்றுமதிச் சந்தையில் ராஜாவாக இருந்த க்ரோ மிஷேல் என்ற ரகத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காலி செய்ததும் இதே பூஞ்சைதான். மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வந்த மரத்தைப் பிழைக்க வைக்க மருந்து இல்லை. மரத்தை எடுத்துவிட்டுக் குழியில் சுண்ணாம்பு போடுவார்கள். அடுத்த பயிராக நெல் போடச் சொல்வதும் இதற்காகத்தான். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது பூஞ்சை குறையும், அடியோடு போகாது. காரும் பிசானமும் விளைகிற தாமிரபரணிப் பாசனத்தில் இது முடியாத காரியம் இல்லை.

இங்கேதான் தப்பான வைத்தியம் தன் வீட்டோடு நிற்காமல் போகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் ஒரு வயலைக் கடந்த தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். வாடல் வந்த மரத்தைப் பார்த்து "தண்ணி காணாது" என்று மடையைத் திறந்துவிட்டால், பூஞ்சையும் கூடவே பயணம் போகும். நோய் வந்த மரத்தை வெட்டின மம்பட்டியைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைத்தாலும் போகும். "நல்ல ரகம், கொண்டு போங்க" என்று அத்தை வீட்டுக்கு ஆசையாகக் கொடுத்துவிடுகிற பக்கக் கன்றிலும் போகும். வெளியே பார்த்தால் அந்தக் கன்று பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்!

கேட்க ஆளும் இருக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்குகிறது. வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. 2004-இல் தொடங்கின கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்களும் முதலில் கேட்கப்போவது அதே மூன்று கேள்விகளைத்தான். எந்த இலை, எத்தனை மரம், உள்ளே எப்படி இருக்கிறது? பதில் கையில் இருந்தால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

மஞ்சள் இலையைப் பார்த்ததும் கடைக்கு ஓடாமல் கால் மணி நேரம் மரத்தடியில் குனிந்து பார்க்கிறவருக்குப் பணம் மிச்சம். மடையின் கீழே இருக்கிறவருக்கு வாழை மிச்சம்.