கொக்குவிலில் ஒரு மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்துக்குச் செல்வோர் நல்லூர்க் கந்தனைத் தரிசித்து, கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கீரிமலைக் கேணியில் நீராடித் திரும்புவது வழக்கம். அவர்களுட் பலர் கண்டு வியக்கும் இன்னொரு காட்சியும் அங்கு உண்டு. வேறிடங்களிற் பழம்பொருளாகிவிட்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் குடாநாட்டு வீதிகளில் இன்றும் ஓடுவதே அது. மணமக்களை ஏற்றிச் செல்லும் அலங்காரக் காராகவும், வெளியூர் விருந்தினரைச் சுமக்கும் வாடகைக் காராகவும் அவை இன்னும் உழைக்கின்றன. பல்லாண்டுகளுக்கு முன்னரே உற்பத்தி நின்றுபோன இவ்வண்டிகளை உயிரோடு வைத்திருப்போர் யார், அவர்களுடைய வித்தை யாது என்று அறியும் ஆவல் நமக்கு நெடுநாளாக இருந்தது. அண்மையில் அதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

கொக்குவிலில், பெருவீதியை விட்டு விலகிச் செல்லும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அந்தக் கராஜ். தகரக் கூரை, ஒரு பக்கம் கிடுகு வேலி, முற்றத்திலே பெரியதொரு வேம்பு. அதன் நிழலில், இரண்டு மரக்குற்றிகளின்மேல், 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றின் எஞ்சின் புளொக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அறுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் அதன் முன்னே குந்தியிருந்தார். காரின் உரிமையாளர் வாடிய முகத்துடன் அருகே நின்றார்.

தந்தையாரிடமிருந்து வந்த கார் அது. அதன் வாடகை வருமானத்திலேயே அவருடைய குடும்பம் நடக்கிறது. எஞ்சினின் பக்கவாட்டில் நீர் ஒழுகத் தொடங்கவே, வேறொரு கராஜிலே காட்டியிருக்கிறார். புளொக் வெடித்துவிட்டது, இனி உதவாது என்று அங்கே தீர்ப்புக் கூறிவிட்டார்களாம். பழைய இரும்பு வாங்குபவர் வந்து, கிலோக் கணக்கில் விலையும் பேசிவிட்டார்.

“எந்த இடத்தில வெடிப்பு எண்டு காட்டினவையோ, தம்பி?” என்று மெக்கானிக் வினவினார்.

“இல்லை அண்ணை. தண்ணி வருது, வெடிச்சுப்போச்சு எண்டுதான் சொன்னவை.”

முதியவர் மறுமொழி கூறவில்லை. மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் எடுத்து, பல்லாண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவலானார். அரைமணி நேரத்தில் இரும்பின் இயல்பான முகம் தெரிந்தது. அதிலே, பார்த்த அளவில் விளங்காத பல அடையாளங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டி அவர் விளக்கியதையே இங்கு வாசகர்களுக்குத் தருகின்றோம்.

முதலாவது, புளொக்கின் பக்கத்திலே பதித்திருந்த வட்டத் தகடுகள். ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றித் துரு படிந்து, அதன் கீழே நீர் வழிந்த தடம் தெரிந்தது. கோர் பிளக் எனப்படும் இத்தகடுகளை, குளிர் தேசத்துச் சாரதிகள் உறைபனித் தகடுகள் என்று அழைப்பர். உள்ளேயுள்ள நீர் உறைந்து விரியும்போது தகடு வெளியே தள்ளப்பட்டு, புளொக் வெடியாமற் காக்கப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிலவேளை அவ்வாறு நிகழ்வதும் உண்டு. ஆயினும், அதற்காக அவை அமைக்கப்படவில்லை. உறைபனியே காணாத யாழ்ப்பாணத்தில் ஓடும் காருக்கும் அவை வேண்டியிருப்பதன் காரணம், இரும்பு வார்க்கும் முறையிலேயே இருக்கிறது.

சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடுவதற்கு வெற்றிடம் வேண்டும். உருகிய இரும்பை ஊற்றும்போது அவ்வெற்றிடத்தின் வடிவிலே மணலாற் செய்த கருவொன்றை அச்சினுள் நிறுத்துவர். அக்கருவைத் தாங்குவதற்கும், இரும்பு இறுகியபின் மணலை வெளியே எடுப்பதற்கும் துவாரங்கள் விடப்படும். வேலை முடிந்ததும் மெல்லிய தகடுகளால் அவற்றை மூடிவிடுவர். புளொக்கின் தடித்த வார்ப்பிரும்பு நெடுங்காலம் நிலைக்க, இம்மெல்லிய தகடு துருவேறி முதலில் அரிந்து போகிறது. ஒழுகியது இத்தகடேயன்றிப் புளொக் அன்று.

இரண்டாவது, இடப்பக்கத்தில் இரண்டு ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்த சிறு மூடி. “இதில இருந்த ஏதோ சாமானை யாரோ கழற்றி எடுத்துப்போட்டினம்” என்பது உரிமையாளரின் நெடுநாட் சந்தேகம். அங்கே எக்காலத்திலும் ஒன்றும் இருந்ததில்லை என்றார் முதியவர். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கு 918 சீசீ கொண்ட பழைய வகை எஞ்சினே இருந்தது. 1952இல் ஒஸ்ரின் கம்பனியும் மொறிஸ் கம்பனியும் ஒன்றாய் இணைந்தபின், ஒஸ்ரின் ஏ30 காருக்கென ஆக்கப்பட்ட 803 சீசீ எஞ்சின் மைனருக்கும் வந்தது. 1956இல் அதுவே 948 சீசீயாகப் பெருத்தது. ஒஸ்ரின் காரிலே, எஞ்சினின் கேம் தண்டால் இயங்கும் பெற்றோல் பம்ப் அவ்விடத்திற் பொருந்தும். மைனருக்கோ மின்சாரத்தால் இயங்கும் எஸ்.யூ. பம்ப். வார்ப்பு ஒன்றேயாதலால், வேண்டாத வாயிலை மூடியிட்டு அடைத்தனர்.

மூன்றாவது, வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே அறையப்பட்டிருந்த சிறிய இலக்கத் தகடு. அதில் ‘9 எம் - யு - எல்’ என்ற குறிகளும், அவற்றின் பின்னே தொடரிலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. ஒன்பது என்பது எஞ்சினின் அளவு. எம் என்பது மொறிஸ். யு என்பது கியர் அமைப்பு. எல் என்பது குறைந்த அமுக்கம். உயர் அமுக்க எஞ்சினுக்கு விகிதம் 8.3 ஆக இருக்க, இதற்கு 7.2 மட்டுமே. தரங்குறைந்த எரிபொருளையும் ஏற்கத்தக்கதாக இவ்வகை அமைந்தது.

இதைக் கேட்டதும் உரிமையாளரின் முகம் மாறியது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், அவருடைய தந்தையார் இக்காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். அன்று யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பலவும் அவ்வாறே ஓடின. மண்ணெண்ணெய் உயர்ந்த அமுக்கத்தைத் தாங்காது, எஞ்சின் இடிக்கும். அமுக்கம் குறைந்த எஞ்சினில் அத்தொல்லை குறைவு. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அக்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற இரவுகளை உரிமையாளர் சிறுவனாகக் கண்டவர். அதற்குத் துணைநின்ற ஓர் எழுத்து இத்தனை காலமும் எண்ணெய்ப் பிசுக்கின் கீழே மறைந்திருந்ததை அவர் அன்றுதான் அறிந்தார்.

பின்னர் முதியவர் துருவேறிய தகட்டை உளியாற் கிளப்பினார். உள்ளிருந்து வெண்மையான படிவு கட்டிகட்டியாக வந்தது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புப் பாறை. கிணற்று நீரிலே சுண்ணாம்பு மிகுதி. கேத்தலின் அடியிற் படிவது போலவே எஞ்சினுக்குள்ளும் அது படிந்து, நீரோடும் வழியை அடைத்து, சூட்டை ஏற்றிவிடுகிறது. அதனைச் சுரண்டிக் கழுவி, துவாரத்தின் விளிம்பைத் துலக்கினார். புதிய தகட்டின் குவிந்த பக்கம் வெளியே இருக்குமாறு வைத்து நடுவிலே அடித்தார். தகடு தட்டையாகி விளிம்பு விரிந்து துவாரத்தை இறுகப் பற்றியது. ஏனைய தகடுகளையும் ஒவ்வொன்றாக மாற்றினார். அதன்பின் நீர்வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தார். ஓரிடத்திலும் கசிவில்லை. பழைய இரும்புக்காரருக்கு அன்றே மறுப்புச் சொல்லியனுப்பப்பட்டது.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு அவர் கூறிய புத்திமதி சுருக்கமானது. தீர்ப்புக் கேட்பதற்கு முன் புளொக்கைக் கழுவுங்கள். மேலெழுந்து நிற்கும் எழுத்துக்கள் வார்ப்பின்போது வந்தவை. உள்ளே பதிந்த எழுத்துக்கள் பின்னர் பொறிக்கப்பட்டவை. இரண்டையும் குறித்து வையுங்கள். வெடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், வெடிப்பை விரலாற் சுட்டிக் காட்டும்படி கேளுங்கள். ரேடியேற்றருக்குக் கிணற்று நீரை விடாது, வடித்துச் சேர்த்த மழைநீரையாவது விடுங்கள்.